அவர் பக்கத் தலையணை

செப்டம்பர் 28

கன்னத்தில் இருந்த ஊதா நிறம் மஞ்சளுக்கு மாறியிருக்கிறது. பூசைக்குப் போனேன். மூன்று பேர் விசாரித்தார்கள். குளியலறைக் கதவில் இடித்துக்கொண்டேன் என்று மூன்று பேரிடமும் சொன்னேன். அது பொய் இல்லை. தூக்க மாத்திரை மயக்கத்தில் நடந்தேனா என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மகன் லம்பர்ட் இரவு ரயிலுக்குக் கிளம்பினான். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் என்னிடம் மார்க் ஷீட்டை நீட்டும்போது நிற்பானே, அப்படி நின்றான்.

"அம்மா, கிறிஸ்மஸ் வரைக்கும் பாக்குறேன். மாத்திரையும் வேண்டாங்கிறீங்க, தூக்கமும் வரலைங்கிறீங்க. ராத்திரி முழுக்க இந்த வீட்டுல தனியா நடந்துக்கிட்டு இருந்தா ஒரு நாளைக்கு இடுப்புதான் ஒடியும். கிறிஸ்மஸுக்கு நான் வரும்போது சரியாகலைன்னா என்கூட பெங்களூரு வந்துரணும். வீட்டை வித்துரலாம்."

"மாத்திரைதான் வேண்டாம்னேன். தூங்க மாட்டேன்னு சொல்லலையே."

"அதான், தூங்கிக் காட்டுங்க."

பெங்களூரில் பதினான்காவது மாடியில் எனக்கு ஓர் அறை வைத்திருக்கிறான். அதில் இப்போது ஓர் உடற்பயிற்சி சைக்கிள் குடியிருக்கிறது. அதோடு சேர்ந்து வாழ நான் தயாராக இல்லை. நாற்பத்தொரு வருடமாக இந்தத் தூத்துக்குடி வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்துதான் கல்லறைக்குப் போவேன்.

செப்டம்பர் 30

மனநலப் பிரிவு என்று பலகையில் எழுதியிருந்ததால் உள்ளே போகுமுன் தெருவின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டேன். டாக்டர் ஜைனப் காயல்பட்டினத்துப் பெண், முப்பது வயது இருக்கும். கையெழுத்து திருத்தமாக இருந்தது. மருந்துச் சீட்டை எடுக்கவே இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது.

"எமரென்சியா ரொட்ரிகோ. எழுபத்தாறு வயசு. ரிடையர்டு இங்கிலீஷ் டீச்சர். ராத்திரி எத்தனை மணிக்குப் படுப்பீங்கம்மா?"

"எட்டரைக்கு."

"எந்திரிக்கிறது?"

"ஐந்துக்கு. ஆனால் அதில் பாதி நேரம் விழித்துத்தான் கிடப்பேன்."

"அதுதான் சிக்கல். படுக்கைன்னாலே முழிச்சுக் கிடக்கிற இடம்னு உங்க உடம்பு பழகிருச்சு. அந்தப் பழக்கத்தை உடைக்கணும். இனிமே பதினொன்றரைக்கு முன்னாடி படுக்கவே கூடாது. தூங்கினாலும் தூங்காட்டியும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சிரணும். பகல்ல ஒரு கண்ணுகூட அசரக் கூடாது. படுக்கை தூங்க மட்டும்தான். புஸ்தகம், செபமாலை, கவலை, எல்லாம் வெளியே."

"செபமாலையுமா?"

"உட்கார்ந்து சொல்லுங்க. மாதா கோவிச்சுக்க மாட்டாங்க."

படுத்துத் தூக்கம் வரவில்லை என்றால் கட்டிலிலேயே புரண்டுகொண்டிருக்கக் கூடாதாம். எழுந்து வேறு அறையில், சின்ன விளக்கு வெளிச்சத்தில், சுவாரசியமில்லாத எதையாவது படித்துக்கொண்டு, கண் சொருகும்வரை உட்கார வேண்டும். பிறகுதான் திரும்பி வர வேண்டும். எத்தனை தடவை எழுந்தாலும் இதே விதி. கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும்.

"முதல் ரெண்டு வாரம் என்னைத் திட்டுவீங்க. அப்புறம் தூக்கம் தானா வரும்" என்றாள். விதி என்று எழுதிக் கொடுத்தால் அதை மீறாமல் இருக்க எனக்குத் தெரியும். மதர் சுப்பீரியர் வளர்த்த பிள்ளை நான்.

அக்டோபர் 1

வேறு அறை என்றால் கூடம்தான். கூடத்தில் முதுகு சாய்கிற மாதிரி இருப்பது ஒரே ஒரு நாற்காலி, காஸ்பரின் பிரம்பு நாற்காலி. இரண்டு வருடமாக அதில் யாரும் உட்காரவில்லை. வீட்டு வேலைக்கு வரும் சந்தனமாரி வாரத்துக்கு ஒரு முறை துடைப்பதோடு சரி.

என் கணவர் காஸ்பர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டைகளை இரவு ஷிப்டில் நின்று எண்ணியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் உடம்புக்கு இரவு என்பது வேலை நேரமாகவே இருந்தது. புரண்டுகொண்டே இருப்பார். எனக்குக் காலையில் பள்ளிக்கூடம். தூங்காத ஒருவரும் தூங்க வேண்டிய ஒருவரும் ஒரே கட்டிலில் இருக்க முடியாது. அதனால் அவர் கூடத்தில் உட்கார்ந்துகொள்வார். இருவரும் சேர்ந்து செய்த ஏற்பாடு அது. கதவுக்கு மேலே உள்ள கண்ணாடி வழியாக வெளிச்சம் வந்து என் முகத்தில் விழும் என்பதால் விளக்குப் போட மாட்டார். அந்த விஷயத்தில் மிகவும் அனுசரணையானவர்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று வாங்கி வைத்தேன்.

அக்டோபர் 2

ஜைனப்பைத் திட்டினேன்.

அக்டோபர் 5

மூன்று முறை எழுந்தேன். நாற்காலியில் நகராட்சிக் குடிநீர் வரி விதிகளைப் படித்தேன். அதைவிட சுவாரசியமில்லாதது இந்த ஊரில் கிடைக்காது.

ஒரு விஷயம் எழுதி வைக்க வேண்டும். கான்வென்ட் போர்டிங்கில் சிஸ்டர் செலஸ்டின் சொல்லிக்கொடுத்த முறையில்தான் இன்றுவரை படுக்கை விரிக்கிறேன். நான்கு மூலையும் முக்கோணமாக மடித்து மெத்தைக்கடியில் செருகினால் மேலே ஒரு சுருக்கம் இருக்காது. நான் சுவர்ப் பக்கம் படுப்பேன். கதவுப் பக்கம் அவருடையது. அந்தப் பக்கத்தை நான் தொடுவதில்லை. எழும்போதுகூடக் கால்மாட்டு வழியாக இறங்குவேன். நேற்று இரவு கூடத்திலிருந்து திரும்பியபோது அந்தப் பக்கத்து விரிப்பு கசங்கியிருந்தது.

சந்தனமாரியைக் கேட்டேன்.

"நான் எதுக்கும்மா ஒங்க கட்டில்ல உக்காரப் போறேன்? எனக்கு வீட்டுல கட்டிலு இல்லாமலா கெடக்கு?"

"கோபப்படாதே. கேட்டேன், அவ்வளவுதான்."

"ஒங்க காலுதான் ராத்திரி அங்கிட்டுப் போயிருக்கும். வயசாவுதுல்லா."

என் கால் எங்கும் போகாது.

அக்டோபர் 8

மறுபடியும். இந்த முறை தலையணையும். நடுவில் குழி. உள்ளங்கையை வைத்தேன். விரிப்பில் சூடு இருந்தது.

கடல் காற்று நின்றுபோன புழுக்கமான இரவு. எல்லாமே சூடாகத்தான் இருக்கும்.

அக்டோபர் 9

கூரியரில் லம்பர்ட் கையில் கட்டுகிற பட்டை ஒன்றை அனுப்பியிருக்கிறான். தூங்குகிறோமா விழித்திருக்கிறோமா, நாடி எப்படி ஓடுகிறது, எல்லாவற்றையும் அது என் கைபேசிக்குச் சொல்ல, என் கைபேசி அவனுக்குச் சொல்லுமாம். எதிர்வீட்டுப் பையன் இணைத்துக் கொடுத்தான்.

"நீங்க சொல்றதை நான் நம்ப மாட்டேன்மா. பேண்ட் சொல்றதைத்தான் நம்புவேன்" என்றான் லம்பர்ட் போனில். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்கு நேர்மை சொல்லிக்கொடுத்தவளுக்கு மகன் தந்த மரியாதை.

ஜைனப்பிடம் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அதைக் கையில கட்டாதீங்கம்மா. நேத்து எவ்வளவு தூங்கினோம்னு பாத்துப் பாத்தே உள்ள தூக்கமும் போயிரும்."

பட்டை கட்டிலில் இருக்க வேண்டும் என்கிறான் ஒருவன். கையில் இருக்கக் கூடாது என்கிறாள் இன்னொருத்தி. இரண்டு பேருக்கும் கீழ்ப்படிய ஒரு வழி இருந்தது. பட்டையைக் கட்டிலில் வைத்தேன். என் பக்கம் வைத்தால் உறுத்தும் என்பதால் அவர் தலையணை மேல் வைத்தேன்.

அக்டோபர் 10

காலையில் லம்பர்ட். குரலில் அப்படி ஒரு குதூகலம். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பிறகு அவனை நான் அப்படிக் கேட்டதில்லை.

"அம்மா! சூப்பர்மா! நடுவுல ரெண்டு மணி நேரம் அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கியிருக்கீங்க. ஆழ்ந்த தூக்கம்னு காட்டுது!"

நேற்று நான் நடுவில் இரண்டு மணி நேரம் நாற்காலியில் குடிநீர் வரி படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியா" என்றேன்.

அக்டோபர் 15

ஐந்து நாளாக ஒரே கதை. நான் கட்டிலில் இருக்கும்போது பட்டை எதையும் காட்டவில்லை. நான் எழுந்து கூடத்துக்குப் போனதும் அது தூங்கத் தொடங்குகிறது. நான் திரும்பி வந்ததும் விழித்துக்கொள்கிறது.

எந்திரக் கோளாறு. மலிவான சாமான்.

அக்டோபர் 18

லம்பர்ட் மறுபடி கூப்பிட்டான். இந்த முறை குதூகலம் இல்லை.

"பயப்படாதீங்கம்மா. தூக்கம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நாடியில ஏதோ விட்டு விட்டு வருதுன்னு காட்டுது. மூணு துடிப்பு, அப்புறம் ஒரு இடைவெளி. இன்னைக்கே போய் ஈசிஜி எடுத்துருங்க."

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அடுப்பை அணைத்தேன். பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன்.

ஈசிஜி எடுத்தார்கள். "கடிகாரம் மாதிரி ஓடுதுங்க டீச்சர், ஒரு துடிப்பு தவறல" என்றார் டாக்டர். என்னிடம் படித்தவர்.

காஸ்பருக்குத்தான் நாடி மூன்று தட்டி ஒன்று விடும். கடைசி சில வருடங்களாக. "என் நெஞ்சு ஒரு மூட்டையை எண்ணாம விடுது எமரி. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிராத" என்பார். லம்பர்ட்டுக்கு அது தெரியாது. அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் சொன்னார்.

ஈசிஜி நன்றாக இருக்கிறது என்று மட்டும் லம்பர்ட்டிடம் சொன்னேன்.

அக்டோபர் 23

ஒரே ஒரு விடையைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவள் அல்ல நான். பட்டையைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாள் என் தலையணையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. நேற்று மறுபடி அவர் தலையணையில் வைத்தேன். நாற்காலிக்குப் போய் வரி விதிகளைப் பிரித்தேன்.

மூன்று துடிப்பு. இடைவெளி. மூன்று துடிப்பு. இடைவெளி. காலையில் கைபேசியில் பார்த்தேன். நீல நிறத்தில், கடல் மட்டம் மாதிரி, நீண்ட தூக்கம்.

இன்று வீடு ஒட்டடை அடித்தோம். மழை வரும் போலிருக்கிறது.

அக்டோபர் 27

மாடித் தண்ணீர்க் குழாய் அடைப்பு. ஆள் வந்து எடுத்துவிட்டுப் போனான். இலை, காக்கைக் கூட்டுக் குச்சி, ஒரு சோப்பு டப்பா மூடி.

சந்தனமாரி அரிசி களைந்துகொண்டே கேட்டாள். "யம்மா, ஐயா சேர்லயா ராத்திரி இருக்கீய?"

"டாக்டர் சொன்னது."

"எனக்கு அந்தச் சேரப் பாத்தாலே ஐயா போன காலைதான் நெனப்புக்கு வருது. நீங்க அன்னைக்குப் பூசைக்குப் போயிட்டிய. நான் கதவத் தொறந்து வாரேன், ஐயா சாஞ்சு இருக்காவ. காப்பி போடட்டுமான்னு ரெண்டு வட்டம் கேட்டேன். லைட்டப் போட்டுப் பாத்தாத்தான..."

"அரிசியில் கல் இருக்கிறதா பார்."

எழுதுவதென்றால் முழுமையாக எழுத வேண்டும். அன்று நான் பூசைக்குக் கிளம்பி கூடத்தைத் தாண்டியபோது இருட்டாக இருந்தது. அவர் அசையாமல் இருந்தார். பாவம், இன்றைக்காவது தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். எழுப்பக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, விளக்குப் போடாமல், அவரைத் தாண்டிப் போனேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நவம்பர் 2

கல்லறைத் திருநாள். மழை விட்டிருந்தது. கல்லறைத் தோட்டம் முழுவதும் மெழுகுவர்த்தி. ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். காஸ்பரின் கல்லைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று ஏற்றினேன். சுற்றிலும் எந்தச் சுடரும் ஆடவில்லை. கால்மாட்டில் இருந்தது மட்டும் ஒரே சீராக மூன்று முறை நிமிர்ந்து ஒரு முறை படுத்தது. ஈரத்திரி.

"நித்திய இளைப்பாற்றியை அவருக்குத் தந்தருளும்" என்று எல்லோரும் சொன்னபோது நான் அந்தச் சுடரைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6

தூங்கிவிட்டேன்.

படுத்தது தெரியும். அடுத்து மாதா கோவில் மணிச் சத்தம். நடுவில் ஒரு முறைகூட எழவில்லை. போர்டிங் நாட்களுக்குப் பிறகு இப்படித் தூங்கியதில்லை. கை கால் எல்லாம் புதிதாக இருந்தன. ஜைனப்பின் விதி வென்றுவிட்டது.

அவர் பக்கத்து விரிப்பு நான் விரித்தபடியே, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது.

கூடத்துக்கு வந்தேன். நான் எரியவிட்டுப் படுத்த சின்ன விளக்கு அணைந்திருந்தது. பல்ப் போகவில்லை. சுவிட்சைத் தட்டினேன், எரிந்தது. சந்தனமாரி இன்னும் வந்திருக்கவில்லை. கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது. நாற்காலியின் பிரம்பில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

எட்டு மணிக்கு லம்பர்ட். "என்னம்மா, நேத்து ராத்திரி சுத்தமா தூங்கலையா? ஒண்ணுமே காட்டலையே. மறுபடியும் ஆரம்பிச்சிருச்சா? அம்மா, பேசாம டிக்கெட் போட்டுரவா?"

நவம்பர் 7

மறுபடியும் முழு இரவும் தூங்கினேன். மறுபடியும் விளக்கு அணைந்திருந்தது. நாற்காலி என் அறைக் கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

கதவுக்கு மேலே உள்ள கண்ணாடியையே இன்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சின்னக் கண்ணாடி. இதன் வழியாக எவ்வளவு வெளிச்சம் வந்துவிட்டிருக்கும்?

நவம்பர் 8

நேற்று பதினொன்றரைக்குக் கண் சொருகியது. அவர் பக்கத்துத் தலையணைக்கு உறை மாற்றினேன். பட்டையை அதன் மேல் வைத்தேன். போர்வையின் ஓரத்தை மடித்துவிட்டேன். என் போர்வையை மட்டும் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். ஐந்து மணிவரை எழவில்லை.

லம்பர்ட்: "இதுதாம்மா இதுவரைக்கும் பெஸ்ட்!"

நவம்பர் 14

ஜைனப் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா தூங்குறேங்கிறீங்க. பகல்ல கண்ணு சொருகுதாம்மா?"

"இல்லை."

"ஏதாவது மறைக்கிறீங்களா?"

"நான் போர்டிங்கில் படித்தவள் டாக்டர்."

அவள் சிரித்துவிட்டாள். இனி மாதம் ஒரு முறை வந்தால் போதும் என்றாள். நல்ல பெண். அவளுடைய வைத்தியம் பலித்துவிட்டது. யாருக்குப் பலித்தது என்று அவளிடம் சொல்ல முடியவில்லை என்பதுதான் வருத்தம்.

பகலில் ஒரு கண்ணுகூட அசருவதில்லை. அந்த விதியை இன்னும் மீறவில்லை.

நவம்பர் 30

கூடத்து விளக்கை எடுத்துப் பரணில் வைத்துவிட்டேன். கட்டிலில் வெளிச்சம் விழுகிறது.

டிசம்பர் 9

இருட்டில் உட்கார்ந்திருந்தால் வீடு பேசும். தண்ணீர்த் தொட்டி, ஜன்னல் கொக்கி, துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் ஊதல். இத்தனை வருடம் இதையெல்லாம் அவர் ஒருவரே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அறைக்குள் யாரோ புரண்டு படுத்தால் கட்டிலின் இடதுகால் முனகும். அந்தச் சத்தத்தில் எனக்கு எரிச்சல் வரும் ஒரு காலத்தில்.

டிசம்பர் 26

லம்பர்ட் வந்து இரண்டு நாளாகிறது. மாடியறையில் படுக்கிறான். அவன் தூங்கப் போன பிறகுதான் நான் நாற்காலிக்குப் போகிறேன். அவன் எழுவதற்கு வெகுநேரம் முன்னால் குளித்துவிடுகிறேன்.

கேக் வெட்டியபோது சொன்னான். "கொஞ்சம் இளைச்சிருக்கீங்க. கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு. ஆனா ரெக்கார்டு பாத்தா எனக்கே பொறாமையா இருக்கும்மா, நான்கூட இப்படித் தூங்குறதில்லை. வீட்டை விக்கிற பேச்சு இனிமே கிடையாது. நீங்க இங்கேயே இருங்க."

"அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

"அப்பா இருந்திருந்தா இந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாம். பாவம், அவருக்குக் கடைசிவரைக்கும் தூக்கமே இல்லை."

இரண்டாவது துண்டு கேக் அவனுக்கு வைத்தேன்.

டிசம்பர் 29

லம்பர்ட் ஊருக்குப் போய்விட்டான். வீடு என்னுடையது.

நேற்று நாற்காலியில் உட்கார்ந்து, ஈசிஜி டாக்டர் செய்தது போல, என் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். மூன்று தட்டியது. நான்காவதற்குக் காத்திருந்தேன். வரவில்லை. பிறகு மறுபடி மூன்று.

உள்ளே கட்டில் முனகவே இல்லை. நன்றாகத் தூங்குகிறார்.

காலையில் சந்தனமாரியிடம் வீட்டின் இன்னொரு சாவியைக் கொடுத்தேன். ராத்திரி இனி உள்தாழ் போடுவதில்லை என்று சொன்னேன். "நீ வரும்போது நான் இந்த நாற்காலியில் அசையாமல் இருந்தால், தூங்குகிறேன் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதே."

"என்னம்மா பேசுதிய காலங்காத்தால?"

"சொன்னதைச் செய். பெரிய விளக்கைப் போடு. கிட்ட வந்து பார்."

"ஒங்களுக்குத் தூக்கம் கெட்டுறாதா?"

"கெடட்டும்" என்றேன்.